மேற்கு மைல்

நோர்பி, வடக்கு டகோட்டா
டிசம்பர் 7, 1986

அன்புள்ள மர்லிஸ்,

நானும் அப்பாவும் நலம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஒரு வாரம் ஆகிறது. பசுக்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. உன் தோள்வலி குறைந்ததா?

ஃபோன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். நம் வீட்டு ஃபோன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே அப்பாவின் நாற்காலி.

அவருடைய டிரக்குக்குக் கியர்பாக்ஸ் மாற்றியிருக்கிறேன். ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. கியர் மாற்றும்போதெல்லாம் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். அவருடைய இடது முழங்கால் இனி அதைத் தாங்காது. என் காரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது ஆட்டோமேட்டிக். "அதுல உக்காந்தா என் இடது கால் சும்மா கெடக்கும். அதுக்கு சவப்பெட்டியிலயே படுத்துக்கலாமே" என்றார். எனவே, விபத்தில் நொறுங்கிய ஒரு புதிய டிரக்கிலிருந்து ஐந்து கியர் பெட்டியைக் கழற்றி வந்து பொருத்தினேன். அருமையாக ஓடுகிறது. அப்படியே முன் மட்கார்டையும் தட்டி நிமிர்த்திவிட்டேன்.

சிக்கல் ஸ்பீடோமீட்டர் கேபிளில். பழைய கேபிளின் முனையில் பெரிய நட்டு இருக்கிறது. மரையில் திருகினால் உட்காரும். புதிய பெட்டியில் மரையே இல்லை, வெறும் ஓட்டை. அதுவும் எதிர்ப்பக்கம், கேபிள் எட்டவில்லை. ஏப்ரல் நடுவில் அப்பாவுக்கு ஓட்டுநர் தேர்வு. வயதைப் பார்த்து, இந்த முறை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மீட்டர் ஓடாத வண்டியில் தேர்வாளர் ஏறவே மாட்டார். உரிமம் போனால், தினமும் காலையில் தானியக் கிடங்கு அலுவலகத்தில் பகடை உருட்டிக் காப்பி குடிப்பதும் போய்விடும். அது போனால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும், சொல்.

பழைய டிரக் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்திருப்பவள் நீ. ஏதாவது வழி சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்மர்


ஸ்போக்கேன், வாஷிங்டன்
டிசம்பர் 16, 1986

அன்புள்ள டெல்மர்,

தோள் அப்படியே இருக்கிறது. மழையும் அப்படியே இருக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைக்கிறாயா, இல்லை அவர் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டாயா?

கியர்பாக்ஸை மாற்றிய பிறகு கேபிளைப் பற்றி யோசிக்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் என் கவுன்டருக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி என்பதை ரஸ்ஸிடம் சொல்லவில்லை. முதலாளிகளுக்கு எல்லாம் தெரிய வேண்டியதில்லை.

இதனுடன் வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள். அந்த ஓட்டைக்குள் போகும் குழல் ஒன்று. அதன் வெளிமுனையில் மரை இருக்கிறது. உன் பழைய நட்டு அதில் பிடிக்கும். நீளமான கேபிள் ஒன்று. அதைப் புகைக்குழாயிலிருந்து தள்ளிக் கொண்டு போ, இல்லாவிட்டால் உருகிவிடும். குழலுக்குள் உட்கார ஐந்து பிளாஸ்டிக் பல் சக்கரங்கள். பல் எண்ணிக்கைக்கு ஒரு நிறம்: மஞ்சளுக்கு இருபது, நீலத்துக்குப் பத்தொன்பது, சிவப்புக்குப் பதினேழு. மற்ற இரண்டும் உனக்குத் தேவைப்படாது. பல் குறையக் குறையக் கேபிள் வேகமாகச் சுற்றும். முள் அதிக வேகம் காட்டும். டயரின் அளவையும் பின் ஆக்சில் எண்ணையும் எழுது, எந்த நிறம் என்று சொல்கிறேன்.

கேபிளின் உள்கம்பியைப் பொட்டலத்துச் சீட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வெட்டாதே, கீழேயும் வெட்டாதே. அளந்துவிட்டு வெட்டு.

மட்கார்டு எப்படி வளைந்தது?

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அப்பாவிடம் என் அன்பைச் சொல்.

மர்லிஸ்


நோர்பி
ஜனவரி 4, 1987

அன்புள்ள மர்லிஸ்,

புத்தாண்டு உனக்கு நன்றாக அமையட்டும். எனக்கு அமையவில்லை. கொட்டகைத் தரையில் படுத்துப் படுத்து முதுகு பிடித்துக்கொண்டது. அப்பா நலம், எனக்கு மேலே நின்று பேசும் அளவுக்கு நலம்.

குழல் உட்கார்ந்தது. நட்டும் பிடித்தது. உள்கம்பியை நீ சொன்ன அளவுக்குத்தான் வெட்டினேன் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது போலிருக்கிறது. வண்டி நகர்ந்ததும் முள் பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் துள்ளியது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், முள் படுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் கம்பி முறுக்கிக்கொண்டு பன்றி வால் மாதிரி இருக்கிறது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டா, இது வேகத்தக் காட்டுதா, இல்ல நம்மள அடிக்க வருதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு கம்பி அனுப்பு. டயர், ஆக்சில் எண்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு டோலெஃப்சன் லெஃப்சா, அந்த உருளைக்கிழங்கு ரொட்டி, கொடுத்தார். உனக்கும் கொஞ்சம் சுருட்டி வைத்திருக்கிறேன், வழியில் உடைந்தால் என்னைத் திட்டாதே.

டெல்மர்


ஸ்போக்கேன்
ஜனவரி 13, 1987

அன்புள்ள டெல்மர்,

லெஃப்சா தூளாக வந்து சேர்ந்தது. கரண்டியால் தின்றேன். முதுகுக்குத் தைலம் தடவு. பசுவுக்குத் தடவும் தைலத்தை அல்ல.

கம்பி நீளமாக இருந்தால் மீட்டரின் பின்புறத்தை முட்டி முறுக்கிக்கொள்ளும். அளவு மாறக் கூடாது என்று நான் எழுதியிருந்தேன். தடித்த எழுத்தில் எழுதவில்லை, அது என் தப்பு. அளந்துவிட்டு வெட்டு என்றால் வெட்டிவிட்டு அள என்று உனக்கு ஏன் கேட்கிறது? இரண்டு கம்பி அனுப்பியிருக்கிறேன், உன்னைத் தெரியும் என்பதால்.

உன் எண்களை வைத்துக் கணக்குப் போட்டாயிற்று. மஞ்சள். மஞ்சளைப் போட்டுவிட்டுச் சோதித்துப் பார். ஊரில் மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை இருக்கிறதே, அதைவிட நல்ல அளவுகோல் வேறெங்கே கிடைக்கும்? முள்ளை முப்பதில் நிறுத்தி ஒரு சாலையிலிருந்து அடுத்த சாலை வரை ஓட்டு. சரியாக இரண்டு நிமிஷம் ஆக வேண்டும்.

மட்கார்டைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

அப்பாவைக் கழுத்துத் துணி கட்டிக்கொள்ளச் சொல்.

மர்லிஸ்


நோர்பி
பிப்ரவரி 8, 1987

அன்புள்ள மர்லிஸ்,

அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி இருவரும் நலம். காற்று நின்றிருக்கிறது, சாலையில் பனி வாரிவிட்டார்கள். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

மீட்டர் ஓடுகிறது. முள் துள்ளவில்லை. ஆனால் உன் மஞ்சள் சரியில்லை. நம் நிலத்து மூலையிலிருந்து மேற்கே அடுத்த சாலை வரை முப்பதில் ஓட்டினேன். இரண்டு நிமிஷம் ஆவதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். முள் குறைவாகக் காட்டுகிறது என்றுதானே அர்த்தம்? நீலத்தைப் போட்டேன், நேரம் சரியாக வந்தது. அதன் பிறகும் எனக்குத் திருப்தி இல்லை. கடைசியில் சிவப்பைப் போட்டுவிட்டேன். இப்போது எல்லாம் சரி. இனி எதுவும் அனுப்ப வேண்டாம். உனக்கு நிறையத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்.

அப்பா காப்பிக்குப் போய்வருகிறார். முன்பைவிடச் சீக்கிரமாகவே கிளம்புகிறார். நேற்றுப் பகடையில் தோற்று மேசைக்கே காப்பி வாங்கிக் கொடுத்தாராம். "பகடையிலயும் உன் தம்பி கியர் மாத்திட்டானோ என்னவோ" என்று உனக்கு எழுதச் சொன்னார்.

டெல்மர்


ஸ்போக்கேன்
பிப்ரவரி 17, 1987

அன்புள்ள டெல்மர்,

நான் நலம், அல்லது உன் கடிதம் வரும் வரை நலமாக இருந்தேன்.

சிவப்பா? உன் டயருக்கும் உன் ஆக்சிலுக்கும் சிவப்பைப் போட்டால் முள் ஐம்பத்தைந்து காட்டும்போது வண்டி நாற்பத்தேழில் போகும். இதைக் கவுன்டரில் உட்கார்ந்து மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரஸ் எட்டிப் பார்த்து, "உன் தம்பி இந்தச் சக்கரத்தயெல்லாம் திங்கிறானா?" என்றார். ஆம், என் தம்பி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது. எந்த மைலில் ஓட்டினாய்? மேற்கு மைலில்! டெல்மர், அது மைலே இல்லை. உலகம் உருண்டை, வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அந்தக் காலத்தில் மைலுக்கு மைல் சதுரம் போட்டு நிலம் அளந்தவர்கள் தங்கள் குறையையெல்லாம் மேற்கு ஓரத்துச் சதுரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த ஓரத்தில்தான் நம் நிலம் இருக்கிறது. முந்நூறு அடி குறைவு. அப்பா வரி கட்டும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கத்துவாரே, நீ எங்கே இருந்தாய்? மைல் குறைந்தால் சீக்கிரம்தான் போய்ச் சேர்வாய். அதற்கு மீட்டர் என்ன செய்யும்?

சரி, அந்தத் தப்பு நீலத்தை விளக்கிவிடுகிறது. சிவப்பை விளக்கவில்லை. நீலத்தில் நேரம் சரியாக வந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் எதற்குச் சிவப்பு?

மஞ்சளைப் போடு. போட்டுவிட்டு எழுது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

மர்லிஸ்


ஸ்போக்கேன்
மார்ச் 15, 1987

டெல்மர்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தேன். அப்பா எடுத்தார். "மீட்டரா? பிரமாதமா ஓடுது. டெல்மரா? கன்னுக்குட்டி போடற நேரம், கொட்டகைல இருக்கான்" என்றார். பின்னால் நீ தட்டுக் கழுவும் சத்தம் எனக்குக் கேட்டது. நம் வீட்டுத் தட்டின் சத்தம் எனக்குத் தெரியாதா?

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இன்னொரு மஞ்சள் சக்கரம் இதனுடன் வருகிறது, முதலில் அனுப்பியது தொலைந்துவிட்டது என்று நீ சொல்வதற்கு முன்பே. உனக்குச் சோம்பலா, கோபமா, இல்லை அவர் தேர்வில் தோற்க வேண்டும் என்று நினைக்கிறாயா? மட்கார்டு எப்படி வளைந்தது?

உடம்பு நன்றாக இருந்தால் பதில் எழுது. நன்றாக இல்லாவிட்டாலும் எழுது.

மர்லிஸ்


நோர்பி
மார்ச் 22, 1987

அன்புள்ள மர்லிஸ்,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

நவம்பரில், நன்றி நாளுக்கு முந்தின வாரம், அப்பா டோலெஃப்சன் வீட்டுக்குப் போயிருந்தார். இருட்டும் நேரமாகியும் திரும்பவில்லை. டிராக்டரை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். வடக்குச் சாலை, நிலம் அளந்தவர்கள் போட்ட திருத்தக் கோட்டில் முட்டி நின்றுவிடுமே, கொஞ்ச தூரம் பக்கவாட்டில் போய்த்தானே மறுபடி தொடங்கும்? அங்கே அவர் திரும்பவில்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கி, வேலியை உடைத்துக்கொண்டு, அறுவடை முடிந்த சூரியகாந்தித் தண்டுகளுக்கு நடுவில் நின்றிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"ரோட்ட யாருடா எடுத்தது?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு சுதாரித்துக்கொண்டு, கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது என்றார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. "மர்லிஸ்கிட்ட சொன்னீன்னா உனக்கும் எனக்கும் பேச்சே கெடையாது, பாத்துக்க" என்றார். சொல்லவில்லை. மட்கார்டைத் தட்டினேன், வேலியைக் கட்டினேன். முழங்காலைக் காரணம் காட்டிக் கியர்பாக்ஸை மாற்றினேன். முழங்கால் வலி உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. கியரோடு மல்லுக்கட்டாமல் இருந்தால் சாலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அவர் எப்படி ஓட்டுவார் என்று உனக்குத் தெரியும். முள் ஐம்பத்தைந்து. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நீலத்தைத் தப்புக் கணக்கில்தான் போட்டேன், அந்த மேற்கு மைல் எனக்கு மறந்தே போயிற்று. சிவப்பை, அவர் மெதுவாகப் போகட்டும் என்று, தெரிந்தே போட்டேன். வண்டியை ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. தேர்வில் தோற்கட்டும் என்று ஒரு நாள் நினைப்பேன், அடுத்த நாள் காப்பிக்குக் கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்த்தால் அந்த நினைப்பே அசிங்கமாக இருக்கும்.

நீ அங்கே உட்கார்ந்து பல் எண்ணுகிறாய், மர்லிஸ். நான் இங்கே தினமும் ஜன்னலில் நிற்கிறேன். தோளைப் பார்த்துக்கொள்.

டெல்மர்


ஸ்போக்கேன்
மார்ச் 27, 1987

அன்புள்ள டெல்மர்,

உன் கடிதத்தைக் கவுன்டரிலேயே பிரித்துவிட்டேன். ரஸ் என் முகத்தைப் பார்த்து, "யாரு போயிட்டா?" என்றார். இன்னும் யாரும் போகவில்லை என்றேன். மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நீ ஜன்னலில் நிற்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நான்கு மாதம், டெல்மர்! நான்கு மாதமாக நான் கம்பியைப் பற்றியும் நட்டைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன், நீயும் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாய். அவர் எனக்கும் அப்பாதான்.

இப்போது யோசி. தேர்வில் ஊருக்குள் இருபத்தைந்தில் போகச் சொல்வார்கள். அப்பா முள்ளைப் பார்த்து இருபத்தைந்தில் வைப்பார், வண்டி இருபத்தொன்றில் ஊரும். பின்னால் வரிசையாக ஹாரன் அடிப்பார்கள். அதற்காகவே தோற்கடிப்பார்கள். யார் தோற்கடித்தது என்றே அவருக்குத் தெரியாது. அது நியாயமா? அவர் ஓட்டக் கூடாது என்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். ஓட்டலாம் என்றால் உண்மை பேசும் மீட்டரைக் கொடு.

தேர்வுக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் ஃபோன் செய்வேன். ஃபோன் அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது.

நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

மர்லிஸ்


நோர்பி
ஏப்ரல் 20, 1987

மகள் மர்லிஸுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசிக்காதே, எழுத்து கோணலாக இருக்கும்.

தேர்வு அன்று காலையில் டெல்மர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, நாயை ஏற்றிக் கொன்றவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சிவப்பு, மஞ்சள், நீ எழுதியது, எல்லாம். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கப் போனான். "எந்திரிடா. சேறு" என்றேன்.

எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். முள் ஐம்பத்தைந்து என்கிறது, வேலிக் கம்பங்கள் நாற்பத்தைந்து மாதிரி போகின்றன. அந்தக் கம்பங்களை நட்டவன் நான். மேற்கு மைலில் அளந்தான் என்று கேட்டதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அறுபது வருஷம் அந்த மைலை உழுதிருக்கிறேன், ஒவ்வொரு சாலும் குறைந்துதான் முடியும். என் பிள்ளை அதை முழு மைல் என்று நம்பியிருக்கிறான். காப்பி மேசையில் இதைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்லிவிட்டேன்.

தேர்வாளர் சின்னப் பெண். "ரொம்ப மெதுவா போறீங்களே ஐயா" என்றாள். "மீட்டர் கொஞ்சம் பொய் சொல்லும்மா, என் பையன் வெச்சது. நான் சேத்துக் கணக்குப் போட்டுக்கறேன்" என்றேன். அதன் பிறகு ஊருக்குள் முள்ளை முப்பதில் வைத்து ஓட்டினேன். பகலில் மட்டும் ஓட்டலாம் என்று எழுதி உரிமம் கொடுத்தாள். மீட்டரைச் சரி செய்யச் சொன்னாள். சரி என்றேன்.

இப்போது சொல்வதை டெல்மரிடமும் சொல்லிவிட்டேன். நவம்பரில் கண்ணாடியில் பனி இல்லை. சாலை முடிவதைப் பார்த்தேன். அங்கே திரும்ப வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் வந்தது. இந்தச் சிவப்புச் சக்கரத்தோடு போனால் அந்த இடம் மெதுவாக வருகிறது. வண்டி போய்ச் சேர்வதற்குள் நினைவும் வந்து சேர்ந்துவிடுகிறது. இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.

தவறும் நாளில் சாவியை நானே ஃபோனுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவேன். அதுவரை நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டாம். மஞ்சளை அனுப்புவதை நிறுத்து. முடிந்தால் நேரில் வா.

அப்பா


ஸ்போக்கேன்
ஏப்ரல் 28, 1987

அன்புள்ள அப்பா, அன்புள்ள டெல்மர்,

இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம், ஏனென்றால் இரண்டு எழுத எனக்குப் பொறுமை இல்லை. தோள் பரவாயில்லை.

ஒரு குடும்பத்தில் வேகம் எவ்வளவு என்று மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது, மீட்டருக்கு மட்டும்தான் தெரியவில்லை. இதற்காக ஒரு குளிர்காலம் முழுக்கத் தபால் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன். இதை ரஸ்ஸிடம் சொன்னேன். அவர் சக்கரங்கள் கிடக்கும் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

இதனுடன் பச்சைச் சக்கரம் ஒன்று வருகிறது. பதினாறு பல், சிவப்பைவிட ஒன்று குறைவு, வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஜூலையில் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பா, நீங்கள் திருத்தக் கோடு வரை ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் வருகிறேன். இலையுதிர்காலத்தில் பகல் குறையத் தொடங்கியதும், டெல்மர், நீ இந்தப் பச்சையைப் போடு. பழைய சிவப்பைத் தூக்கி எறியாதே, பகல் மறுபடி நீண்டதும் வேண்டும்.

போட்ட பிறகு எந்த மைலிலும் ஓட்டி அளந்து பார்க்க வேண்டாம்.

மர்லிஸ்